புது லைனுக்குப் போன வியாகுலம்மாள்

தண்டையார்பேட்டையில் சாக்குக் கிடங்குகள் இருந்த தெருவில், காலை வேளையில் ஒரு பெண்பிள்ளையின் சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டால், மாட்டு வண்டிக்காரர்கள் கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது வியாகுலம்மாள்தான் என்று எல்லாருக்கும் தெரியும். வியாகுல மாதா திருநாளன்று பிறந்தவள் என்று அப்பன் வைத்த பேர். அந்தப் பேரில் இருந்த துக்கம் அவள் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. துறைமுகத்திலிருந்து கட்டுக் கட்டாக வந்து இறங்கும் கிழிந்த கோணிகளைத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. கையில் கோணியூசி ஓடும், வாயில் பேச்சு ஓடும். இரண்டில் எது முந்தி என்று சொல்ல முடியாது.

புருஷன் ரபேல் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கலாசி. அவர் அதிகம் பேசமாட்டார். யாராவது கேட்டால், "எனக்கும் சேத்து அது பேசிக்கினுதானே கீது" என்பார். ஒரே மகளை எண்ணூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு சாயங்காலங்களில் வியாகுலம்மாளுக்கு வீட்டில் பொழுது போகவில்லை. இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி வைத்துப் பேசுவாள். மாதா கோவில் பாட்டுக் கோஷ்டியில் சேர்ந்தாள். ஆர்மோனியம் வாசிப்பவருக்குத் தம் பெட்டியின் சத்தமே கேட்கவில்லை என்று, இரண்டாவது வாரமே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். அதையும் அவளே கிடங்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம், பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்குச் சாமியார் ஸ்டானிஸ்லாஸ் பிரசங்கத்தில் ஒரு காரியம் சொன்னார்.

"நம்ம பேட்டையில புதுசு புதுசா குடும்பங்கள் வந்துகிட்டே இருக்கு. துறைமுகத்துக்கு வர்றாங்க, மில்லுக்கு வர்றாங்க, எண்ணெய்க் கிடங்குக்கு வர்றாங்க. அதுல நம்ம வேதக்காரங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியல. உங்களுக்காவது தெரியுமா? ஒருத்தர் வீட்டுக் கதவையாவது தட்டினோமா? மாதா சபைப் பெண்கள் தெருத் தெருவாப் போய்ப் பாருங்க. கோவில் இங்க இருக்குன்னு சொல்லுங்க."

பூசை முடிந்ததும் மாதா சபைத் தலைவி சிலுவையம்மாள் டீச்சர் தெருக்களைப் பிரித்துக் கொடுத்தார். நல்ல தெருக்கள் மளமளவென்று போயின. எலும்புக் கிடங்குக்குப் பின்னால், ஒரு சேட்டு புதிதாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த வரிசை வீடுகள் மட்டும் மிஞ்சின. காற்று திரும்பினால் அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஊரார் அதற்குப் புது லைன் என்று பேர் வைத்திருந்தார்கள். எங்கிருந்தோ வந்தவர்கள், நம்ம பிழைப்பில் கை வைக்கிறவர்கள் என்று அந்த லைன்காரர்களோடு யாரும் பழகவும் இல்லை.

"நான் போறேன் டீச்சர்" என்றாள் வியாகுலம்மாள்.

"மெதுவாப் பேசணும் வியாகுலம். பயந்துடப் போறாங்க."

"நான் இன்னா பூதமா டீச்சர்? பூனை மாதிரி பேசிட்டு வரேன் பாருங்க" என்று அவள் சொன்னதில், கோவில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன.

மறுநாள் கிடங்கு விட்டதும், இடுப்பில் கோணியூசியும் சணல் கயிறும் செருகியது செருகியபடியே புது லைனுக்குப் போனாள். வீடுகள் நேரே தெருவைப் பார்த்து இருந்தன. வாசலை மறைக்க எல்லா வீட்டிலும் கோணித் திரை தொங்கவிட்டிருந்தார்கள். முதல் மூன்று வீட்டில் ஆள் இல்லை. நாலாவது வீட்டுத் திரையின் ஓரம் கிழிந்து காற்றில் படபடத்துக் கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வியாகுலம்மாளுக்குக் கை அரித்தது.

"வூட்ல யாரும்மா? மாதா கோவில்லேர்ந்து வரேன்."

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு இளம்பெண்ணின் குரல் வந்தது. "அவங்க வேலைக்குப் போயிருக்காங்க. நீங்க யாருங்க?"

"நான் வியாகுலம். இந்தப் பேட்டைதான். நீ பேசு கண்ணு, நான் இந்தத் திரையைத் தெச்சிக்கினே கேக்கறேன். கிழிஞ்சு கீது பாரு."

வாசல்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊசியில் சணலைக் கோத்தாள். இரண்டு தையல் போட்டாள். பிறகு திரைக்கு அடியில் ஒரு சொம்புத் தண்ணீர் நகர்ந்து வந்தது. வளையல் போட்ட சின்னக் கை ஒன்று சொம்பை வைத்துவிட்டுச் சட்டென்று உள்ளே போயிற்று.

"உம் பேரு இன்னாம்மா?"

"மரியம்."

வியாகுலம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வந்த முதல் நாளே ஒரு மரியம்!

"வூட்டுக்காரர் பேரு?"

"அவங்க பேரை நான் எப்படிங்க சொல்றது?" என்று அந்தக் குரல் வெட்கப்பட்டது.

"அதுவும் சரிதான். நானே எங்க வூட்டு ஆளை 'ஏன்யா'ன்னுதான் கூப்பிட்டுக்கினுகீறேன். எந்த ஊரு கண்ணு?"

"நாகப்பட்டினம் பக்கம்."

"அட, வேளாங்கண்ணி கிட்டயா!"

"ஆமா, பக்கந்தான். சின்னதுல எனக்குக் காய்ச்சல் வந்தப்ப எங்கம்மா அந்த மாதா கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய் மெழுகுவத்தி ஏத்துனாங்களாம்."

ஊசி இன்னும் வேகமாக ஓடிற்று. "ஜெபம் எல்லாம் பண்றியாம்மா?"

"தொழுகாம இருப்பேனா? காலையில எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்குற வரைக்கும் ஒரு வேளையும் தவற விட்டதில்ல."

"அத்தினி தபாவா!" வியாகுலம்மாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நாங்கல்லாம் சாயங்காலம் ஒரு தபா ஜெபமாலை சொல்றதுக்குள்ளவே கொட்டாவி வுடறோம். நீ நல்லா இருக்கணும் தாயே. கோவில் பக்கம் ஏன் வரவே இல்ல?"

"எனக்கு இந்த ஊர்ல வழியே தெரியாதுங்க. வந்து ரெண்டு மாசம் ஆவுது. யாரும் வரவும் இல்ல, பேசவும் இல்ல."

"இனிமே நான் வருவேன்" என்று வியாகுலம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எங்க சாமியாரையும் கூட்டியாறேன். வூடு மந்திரிச்சுட்டுப் போவாரு."

மரியத்துக்கு அதில் விநோதம் ஒன்றும் தோன்றவில்லை. அவள் ஊரில் பிள்ளைக்குச் சீர் இல்லையென்றால் தர்காவிலும் ஓதுவார்கள், கோவிலிலும் மந்திரிப்பார்கள். புது வீட்டுக்கு ஒரு பெரியவர் வருகிறார் என்றால் நல்லதுதானே? "அவங்களைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

அந்த வாரம் பூராவும் வியாகுலம்மாள் தினம் போனாள். திரைக்கு வெளியே இவள், உள்ளே அவள். கிடங்குக் கதை, மகள் பிரசவக் கதை, ரபேல் ஒரு தடவை கடலில் விழுந்து திமிங்கலம் என்று நினைத்துத் தன் தலைப்பாகையையே அடித்த கதை. உள்ளேயிருந்து முதலில் ஒரு களுக், பிறகு இரண்டு, கடைசியில் தாங்க முடியாத சிரிப்பு. வீட்டுக்காரரும் சம்மதித்துவிட்டாராம். "பெரிய மனுஷர் நம்ம வீடு தேடி வர்றேன்னா வேண்டாம்னா சொல்றது?" என்று கேட்டாராம்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஸ்டானிஸ்லாஸ் சாமியார் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, குடை பிடித்துப் புறப்பட்டார். கோவில் காரியங்களில் அவருக்குத் துணையான உபதேசியார் தீர்த்தச் செம்பும் மணியும் எடுத்துக்கொண்டார். முன்னால் வியாகுலம்மாள், சரிகை போட்ட சேலையில், தேர் இழுக்கிறவள் மாதிரி நடந்தாள். மணிச் சத்தம் கேட்டு லைன் முழுக்கத் திரையை விலக்கி எட்டிப் பார்த்தது.

நாலாவது வீட்டுத் திரை விலகிற்று. கட்டம் போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, தலையில் குல்லா, கருகருவென்று தாடி. ஒரு வாட்டசாட்டமான மனிதர் இரண்டு கையையும் நீட்டி, "வாங்க, வாங்க சாமி. நான் மதார் சாகிப். துறைமுகத்துல சரக்குத் தூக்குற வின்ச் ஓட்டுறேன். உள்ள வாங்க" என்றார்.

வியாகுலம்மாளுக்கு வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. சாமியாருக்குப் பக்கத்தில் நகர்ந்து சுவரைப் பார்த்தாள். மெக்காப் படம் மாட்டியிருந்தது. சாமியார் அவளைப் பார்த்தார். உபதேசியார் மணியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"வியாகுலம்" என்றார் சாமியார், தணிந்த குரலில். "மரியம்னு சொன்னியே?"

"மரியம்தான் சாமி... அதுதான் சொல்லிச்சு... வேளாங்கண்ணி... அத்தினி தபா ஜெபம்..." வியாகுலம்மாளின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிற்று.

மதார் சாகிபுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவர் தாடி ஆடியது. "நாங்க இஸ்லாமானவங்க சாமி. இந்தம்மா எங்களை உங்க ஆளுங்கன்னு நெனச்சுட்டாங்களா? நான் கூட, என்னடா இது, நம்மளைத் தேடி இவ்வளவு மரியாதையா வர்றாங்களேன்னு நெனச்சேன்."

"தப்பா நெனைக்காதீங்க. தெரியாம நடந்துபோச்சு" என்றார் சாமியார்.

அப்போது உள் திரைக்குப் பின்னாலிருந்து மரியத்தின் குரல் வந்தது. "சாமி, அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. ரெண்டு மாசமா இந்த வாசலுக்கு யாரும் வரல. அவங்கதான் வந்தாங்க. எங்க வீட்டுத் திரையைத் தெச்சுக் குடுத்தாங்க. எந்த வேதம்னு பாத்து வந்திருந்தா நாலு வீடு தள்ளிப் போயிருப்பாங்க. எனக்குப் பேச ஆளே இருந்திருக்காது."

சாமியார் குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கேட்காமலேயே பாயில் உட்கார்ந்துகொண்டார்.

"நாங்க ஒரு வீட்டுக்குள்ள வந்தா முதல்ல சொல்றது ஒண்ணு உண்டு, பாய். 'இந்த வீட்டுக்குச் சமாதானம் உண்டாகட்டும்'னு. அதை மட்டும் சொல்லிக்கலாமா?"

"நாங்க தெருவுல பாத்தாலே அதைத்தானே சாமி சொல்றது!" என்றார் மதார் சாகிப்.

உள்ளேயிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. "அத்தினி தபாவான்னு கேட்டாங்களே!" என்று மரியம் சொல்லி முடிக்கவில்லை, வியாகுலம்மாள் வெடித்துவிட்டாள். அவள் சிரிப்பில் சாமியார் சிரித்தார், மதார் சாகிப் தொடையைத் தட்டிச் சிரித்தார், முசுடு என்று பேர் வாங்கிய உபதேசியார் கூடச் செம்பிலிருந்த தீர்த்தத்தைத் தன் காலிலேயே கொட்டிக்கொண்டார். ஏலக்காய் போட்ட டீயும், இறால் வைத்துப் பொரித்த அவர்கள் ஊர் வாடா ஒரு தட்டும் வந்தன. சாமியார் மூன்று வாடா சாப்பிட்டார்.

ஆண்கள் வாசலில் பேசிக் கொண்டிருக்கும்போது வியாகுலம்மாள் முதல் தடவையாக உள் திரையைத் தாண்டிப் போனாள். இருபது வயதுகூட இருக்காது. பெரிய கண்கள், மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. வியாகுலம்மாள் அவள் முகவாயைத் தொட்டு முத்தம் கொடுத்தாள்.

"இந்த மூஞ்சியை ஒரு வாரமா எங்கிட்ட மறைச்சு வெச்சுக்கினியே, கஸ்மாலம்!"

"உங்களை நான் லாத்தான்னு கூப்பிடட்டுமா? எங்க ஊர்ல அக்காவை அப்படித்தான் சொல்றது" என்றாள் மரியம். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "லாத்தா, உங்க வேதக்காரங்க ஒருத்தர் இந்த லைன்லயே இருக்காங்க. கடைசி வீடு. அவர் பொஞ்சாதியோட இந்த வாரந்தான் பின்னாடி துணி காயப் போடுறப்ப பேச ஆரம்பிச்சேன். அந்தப் பொம்பளை பேரு பச்சையம்மா. உங்க கோவில்னா அவங்களுக்குப் பயம். நாளைக்கு வாங்க, நானே டீக்குக் கூப்பிடுறேன். நீங்க மட்டும் கொஞ்சம் மெதுவா..."

"பூனை மாதிரி" என்று வியாகுலம்மாள் சத்தியம் செய்தாள்.

பச்சையம்மா வியாசர்பாடிக்காரி. கை பூராப் பச்சை குத்தியிருந்தது. மறுநாள் மரியம் வீட்டில் மாதா கோவில் என்ற பேச்சை எடுத்ததும் டீக் குவளையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா, உங்க சாமியார் என்னை வூட்டை வுட்டுத் தொரத்தச் சொன்னாரா?"

"யம்மா, எங்க சாமியார் நேத்து இந்த வூட்ல மூணு வாடா துன்னுட்டுப் போனாரு. அவரு யாரைத் தொரத்துவாரு? நீ சொல்லு, நான் கேக்கறேன்."

மரியம் பச்சையம்மாவின் தோளில் கை வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவள் சொன்னாள். அவள் புருஷன் லூயிஸ் தெற்கே கடலோர ஊரிலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவன். இவள் கப்பல் கூலிகளுக்குச் சோறு விற்கப் போனவள். பிடித்துப்போயிற்று. இவள் வீட்டு வாசலிலேயே தாலி கட்டிவிட்டான். லூயிஸின் சொந்தக்காரர்கள், கோவிலில் கட்டாத கலியாணம் கலியாணமே இல்லை என்று சொல்லி முகத்திலேயே கதவைச் சாத்தினார்கள். அதோடு சரி. இப்போது இரண்டு பிள்ளைகள். பெரியது பெண், சின்னது கைக்குழந்தை. இரண்டுக்கும் ஞானஸ்நானம் இல்லை.

"அந்த ஆளு ஒண்ணும் சொல்லாது அக்கா. ஆனா ஞாயித்துக்கிழமையானா குளிச்சுட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கினு, வெத்தலை வாங்கியாறேன்னு கெளம்பிடும். வெத்தலையே போடாத மனுஷன்! ஒரு தபா பின்னாலயே போனேன். உங்க கோவில் மதிலுக்கு வெளியே பூவரச மரத்தாண்ட நின்னுக்கினு, உள்ளே மணி அடிச்சா தலையைக் குனிஞ்சுக்கினு கீது. எனக்கு வவுறு எரிஞ்சுச்சு. எங்கிட்ட வந்து சொல்றதுக்குக்கூட அதுக்கு வெட்கம்."

வியாகுலம்மாளின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் அவளுக்கு அழுகையில் அதிக நேரம் செலவழிக்கத் தெரியாது. "வர்ற ஞாயித்துக்கிழமை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை நன்மை வாங்கிய கையோடு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்கவாசலால் வெளியே வந்தாள். மதிலைச் சுற்றிப் போனாள். பூவரச மரத்தடியில் ஆறடி உயரத்தில் ஒரு ஆள், கையில் தலைப்பாகைத் துண்டோடு, கண்ணை மூடி நின்று கொண்டிருந்தான். மெதுவாகப் பேச வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள்.

"லூயிசு! வெயில்ல ஏன் நிக்கறே? உள்ள வா!"

லூயிஸ் கண்ணைத் திறந்தான். முக்காடு போட்ட ஒரு பருத்த பெண்பிள்ளை கையை நீட்டிக்கொண்டு தன்னை நோக்கி வருவதைப் பார்த்தான். அவ்வளவுதான், எடுத்தான் ஓட்டம்.

"ஏய், நில்லு! நில்லுன்றேன்!" வியாகுலம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினாள். கப்பலில் மூட்டை ஏற்றும் ஆள் ஓடுகிற ஓட்டத்துக்கு அவளால் ஈடு கொடுக்க முடியுமா? கடைத்தெரு முனையில் மூச்சு வாங்கிற்று. கால் நின்றாலும் வாய் நிற்கவில்லை. "புடி! புடிங்கப்பா! அந்த ஆளை வுடாதீங்க!"

கடைத்தெரு சும்மா இருக்குமா? பெட்டிக்கடைக்காரர் குதித்தார். கைவண்டிக்காரர் வண்டியைக் குறுக்கே தள்ளினார். சோடாக்காரர் ஒரு காலைப் பிடித்தார், இன்னொருவர் இன்னொரு காலைப் பிடித்தார். "திருட்டுப் பயலே, கோவில்லயே கை வெச்சியா? உண்டியலா?" என்று ஒருவர் கையை ஓங்கிவிட்டார். நல்லவேளை, இறைச்சி வாங்க வந்த மதார் சாகிப் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "யாரும் கை வெக்காதீங்க! இது நம்ம லைன் ஆளு. நான் ஜாமீன்!"

வியாகுலம்மாள் வந்து சேர்ந்தாள். முக்காடு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. "திருடன் இல்லப்பா... வுடுங்க... திருடன் இல்ல..."

"அப்போ எதுக்கும்மா புடிக்கச் சொன்னே?"

"பூசைக்கு வராம ஓடறான்பா!"

ஓங்கிய கை கீழே இறங்கிற்று. பிறகு சோடாக்காரர் பிடித்த காலை விடாமலேயே கத்தினார். "அதுக்கு என்னையும் சேத்துப் புடிக்கணுமேம்மா! எனக்கு ரெண்டு வருஷ பாக்கி கீது!" தெருவே கொல்லென்று சிரித்தது. மண்ணில் கிடந்த லூயிசும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கிற்று. அழுகிறானோ என்று வியாகுலம்மாள் பயந்து துண்டை விலக்கிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வழிய அவனும் சிரித்துக் கொண்டிருந்தான்.

ஒரு பக்கம் மதார் சாகிப், ஒரு பக்கம் வியாகுலம்மாள். நடுவில் சட்டையெல்லாம் புழுதியோடு லூயிஸ். சாமியார் பங்களாவுக்கு அப்படித்தான் போனார்கள்.

"தோத்திரம் சாமி" என்று லூயிஸ் முழங்காலில் விழுந்தான். "நான் கோவில்ல கலியாணம் கட்டல சாமி."

"சரி, கட்டிடலாம்" என்றார் சாமியார்.

லூயிஸ் நிமிர்ந்து பார்த்தான். திட்டு வரும், தண்டனை வரும் என்று இத்தனை வருஷமாகத் தயாராக வைத்திருந்த பதில் ஒன்றும் அவனுக்கு உதவவில்லை. "அவ நம்ம வேதம் இல்லீங்களே?"

"அதுக்கு பிஷப் ஆண்டவர்கிட்ட உத்தரவு கேட்கணும். நான் கேட்கிறேன். உன் பெண்டாட்டி மனசு என்னன்னு நான் அவகிட்டயே கேட்டுக்கறேன். நீ அந்தத் துண்டால மூஞ்சியைத் தொடை முதல்ல."

மறுநாள் சாமியார் கடைசி வீட்டுக்குப் போனார். பச்சையம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"சாமி, முன்னாடியே சொல்லிடறேன். புள்ளைங்க அப்பன் கூட கோவிலுக்கு வரட்டும், அதுல எனக்கு சந்தோசம்தான். ஆனா எம் பேரை நான் மாத்திக்க மாட்டேன். எங்கம்மா அஞ்சு புள்ளை செத்து, பச்சையம்மனுக்கு நேந்துகினு பெத்த பேரு இது."

"யாரும்மா மாத்தச் சொன்னது? இஷ்டம் இல்லாதவங்களைத் தலையில தண்ணி ஊத்தி நான் என்ன பண்ணப் போறேன்? நீ பச்சையம்மாவாவே நில்லு. அவன் லூயிசா நிக்கட்டும். கலியாணம் நடக்கும்."

பச்சையம்மா வாசலை விட்டு நகர்ந்து, "குந்துங்க சாமி" என்றாள்.

உத்தரவு வருவதற்குள் தவக்காலம் வந்துவிட்டது. அந்த நாற்பது நாளும் வியாகுலம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாதா சபைக் கூட்டத்தில் சிலுவையம்மாள் டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். "இப்படி ஒரு கலியாணத்தை நாம எடுத்து நடத்தறது சரியா வியாகுலம்?" அதற்கு வியாகுலம்மாள் ஆச்சரியமாகத் தணிந்த குரலில், "ஒரு நாள் எங்கூட வந்து அந்தப் பூவரச மரத்தாண்ட நின்னு பாருங்க டீச்சர். உள்ள நடக்கறது அங்கேர்ந்து எவ்ளோ தூரமா கேக்குதுன்னு தெரியும்" என்றாள். உத்தரவும் வந்து, பாஸ்கு என்கிற ஈஸ்டர் பண்டிகை கழிந்த திங்கட்கிழமை கலியாணம் என்று ஆயிற்று. அன்று காலையில் டீச்சர், தம்முடைய கலியாணத்துக்குக் கட்டிய வெள்ளைப் பட்டுச்சேலையை மடித்து எடுத்துக்கொண்டு லைனுக்கு வந்துவிட்டார். பச்சையம்மாவுக்கு அதைக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டதும் அவர்தான்.

முதலில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம். இரண்டுக்கும் வியாகுலம்மாள்தான் ஞானத்தாய். கைக்குழந்தை தண்ணீர் பட்டதும் போட்ட கூச்சலைக் கேட்டு, "நம்ம கோஷ்டிக்கு ஆள் கெடைச்சாச்சு" என்று ரபேல் ஒரு வாக்கியம் முழுசாகப் பேசினார்.

அப்புறம் கலியாணம். ஞானஸ்நானம் வாங்காத பெண் என்பதால் பீடத்துக்கு முன்னால் நடத்த முறை இல்லை. கோவிலின் பூசைச் சாமான் அறையில் சுருக்கமாக வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆனால் உபதேசியார் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். புது லைனே திரண்டு வந்திருந்தது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய மரியம், மதார் சாகிபோடு வின்ச் ஓட்டுகிறவர்கள், வியாசர்பாடியிலிருந்து மேளத்தோடு வந்த பச்சையம்மாவின் ஆட்கள், லூயிஸின் காலைப் பிடித்த சோடாக்காரர், கிடங்கில் கோணி தைக்கிற பெண்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். சாமான் அறையில் ஆறு பேர் நின்றால் ஏழாமவர் அலமாரிக்குள்தான் நிற்க வேண்டும்.

"பங்களா வராந்தாவுக்கு வாங்க எல்லாரும்" என்றார் சாமியார்.

வராந்தாவில் கடற்காற்று அடித்தது. லூயிஸ் மோதிரத்தைப் போடுகையில் அது கை தவறி உருண்டு ஓடிற்று. பெரிய பெண் அதை விரட்டிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தது. "இந்த லூயிசைக் கணவனாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டபோது பச்சையம்மா, "அதெல்லாம் எப்பவோ ஏத்துக்கினாச்சு சாமி" என்றாள். "இன்னொரு தபா சொல்லும்மா, கணக்குக்கு" என்றார் சாமியார். தாலி ஏறியதும் மேளம் முழங்கியது. வியாகுலம்மாள் தொண்டையைத் திறந்து மாதா பாட்டு ஒன்றைப் பாடினாள். வெளியில் அவள் குரலுக்கு இடம் போதுமானதாக இருந்தது. ஆர்மோனியக்காரரே திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

விருந்து லைனில். மதார் சாகிப் விடிவதற்கு முன்பே தெருவில் அடுப்பு மூட்டி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரிய தேக்சாவில் நெய்ச்சோறு கிண்டியிருந்தார். தாளிச்சா வாசனை அன்றைக்கு எலும்புக் கிடங்கை ஜெயித்துவிட்டது. தெரு நடுவில் புதுக் கோணிகளை விரித்துப் பந்தி போட்டார்கள். சாமியாருக்கு மட்டும் நாற்காலி கொண்டுவந்தார்கள். அவர் அதில் லூயிஸின் பெரிய பெண்ணை உட்கார வைத்துவிட்டுத் தான் கோணியில் உட்கார்ந்தார். மரியம் திரைக்குள்ளிருந்து தட்டுத் தட்டாக வாடா அனுப்பிக்கொண்டே இருந்தாள். சோறு பரிமாற லூயிஸ் எழுந்தபோது, மாப்பிள்ளை பரிமாறக் கூடாது என்று வியாசர்பாடிக்காரர்கள் அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். "இந்தப் பேட்டையில என்னைப் புடிக்காத ஆளே இல்ல" என்றான் அவன்.

எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வியாகுலம்மாள் இலை முன்னால் உட்கார்ந்தாள். முதல் கவளம் வாய்க்குப் போகவில்லை, லைன் முனையில் ஒரு கைவண்டி வந்து நின்றது. அதன்மேல் அண்டா, சுருட்டிய பாய், தகரப் பெட்டி, ஒரு ஆட்டுக்குட்டி. வண்டியைத் தள்ளி வந்த ஆளும், பின்னால் பிள்ளையை இடுக்கிக்கொண்டு வந்த பெண்ணும் தெருவில் பந்தியைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள்.

"காலி வூடு இங்கதானேம்மா? வேலப்பன்னு சேட்டாண்ட பேர் சொல்லிக்கீறேன். இன்னா, சாவா கலியாணமா? நாங்க அப்பால வரட்டுமா?"

வியாகுலம்மாள் சோறு பட்ட கையை வேறு பக்கம் நீட்டிக்கொண்டு எழுந்து போனாள். இடது கையால் அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"அப்பால இன்னா அப்பால? வண்டியை ஓரமா நிறுத்து நைனா. மரியம், ரெண்டு தட்டு போடு! சாமானை எறக்கறதை அப்புறம் பாத்துக்கலாம், சோறு ஆறிப்போவும்."

லூயிஸ் எழுந்து போய் வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்தான். அவனை அப்போது யாரும் தடுக்கவில்லை.